கல்லான மரம்: ஆம்பூர் பிள்ளைகளும் பார்க்கட்டும்!

பதனிடாத தோல் அழுகிப்போகும். ஆம்பூர், வாணியம்பாடியில் பொடிப்பையனுக்கும் இது தெரியும். மரம் அழுகாமல் கல்லானது எப்படி? கேட்டால் முழிப்பான்!

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. வெள்ளம் அடித்து வந்து மணலில் புதைத்த மரங்கள். தண்ணீரில் கரைந்திருந்த சிலிக்கா உள்ளே ஊறி, இறுகிவிட்டது. இதுவும் ஒருவகைப் பதனிடும் வேலைதான்!

வேலூர் மலைப்பாறை இதைவிடப் பழசு. சுமார் 250 கோடி ஆண்டு. ஆனால் பூமியின் ஆழத்துச் சூட்டில் உருவானது. அதில் கல்மரம் கிடைக்காது. திருவக்கரைக்குப் போய்த்தான் பார்க்கணும்.

பள்ளிச் சுற்றுலா என்றால் தீம் பார்க் மட்டும்தானா? வருஷம் ஒரு பஸ் அங்கேயும் போகட்டும். வாத்தியார் கூட நின்று விளக்கட்டும். அருமை தெரிந்த பிள்ளை ஒரு துண்டைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு வரமாட்டான். போனால் வராது, அந்த மரம்!