ஃபிளைட் மோடு: விமானத்தில் அந்த ஒரு பொத்தானை ஏன் அழுத்த வேண்டும்?

பத்மநாபபுரம், தக்கலை, திருவிதாங்கோடு என்று நம் பகுதியில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், வளைகுடாவில் பிள்ளையோ கணவரோ இருக்கும் ஒரு வீட்டையாவது பார்த்துவிடலாம். அவர்கள் பெரும்பாலும் விமானம் ஏறுவது திருவனந்தபுரத்தில்தான். களியக்காவிளையைத் தாண்டிப் போய், விமான நிலைய வாசலில் கட்டிப்பிடித்து வழியனுப்பிவிட்டு, திரும்பும் வண்டியில் ஏறியதுமே வீடியோ கால் தொடங்கிவிடுகிறது.

"மக்களே, சீட்டு கிடைச்சுதா? பக்கத்துல யாரு இருக்கா?" என்று உம்மா கேட்கிறார். பிள்ளை கைபேசியைத் திருப்பி விமானத்தின் உட்புறத்தைக் காட்டுகிறான். கதவு மூடப்படுகிறது. விமானம் மெல்ல நகர்கிறது. பணிப்பெண் வந்து, கைபேசியை ஃபிளைட் மோடில் போடச் சொல்கிறார். "ஒரு நிமிஷம்" என்கிறான் பிள்ளை. அந்த ஒரு நிமிடம் ஐந்து நிமிடமாகிறது. அவர் இரண்டாவது முறை வருகிறார். குரல் சற்று உயர்கிறது.

விமானத்தில் சென்றவர்கள் எல்லோரும் இந்தக் காட்சியைப் பார்த்திருப்போம். நம்மில் சிலர் அந்தப் பிள்ளையின் இடத்திலேயே இருந்திருப்போம். அப்போது மனதில் எழும் கேள்வி ஒன்றுதான்: "ஒரு சின்ன போனால் இவ்வளவு பெரிய விமானத்துக்கு என்ன ஆகிவிடும்? இதனால் எந்த விமானம் விழுந்திருக்கிறது?"

கேள்வி நியாயமானது. அதற்கு நேர்மையான பதிலைத் தெரிந்துகொள்வது நம் குடும்பங்களுக்கு நல்லது.

வானத்தில் கைபேசி என்ன செய்கிறது?

கைபேசி சும்மா பையில் கிடக்கும்போதும் அருகிலுள்ள டவரோடு பேசிக்கொண்டேதான் இருக்கிறது. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. முன்பெல்லாம் களியக்காவிளையைத் தாண்டியதும் கேரளாவுக்கு வரவேற்கும் குறுஞ்செய்தி வந்துவிடும்; ரோமிங் கட்டணமும் ஓடத் தொடங்கும். நாம் எதையும் தொடாமலேயே கைபேசி ஒரு டவரை விட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொண்டதன் அடையாளம் அது.

விமானத்திலும் இதே வேலைதான் நடக்கிறது. வேகம்தான் வேறு. தக்கலையிலிருந்து களியக்காவிளை வரையுள்ள தூரத்தை, மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் சுமார் இரண்டு நிமிடங்களில் கடந்துவிடும். உயரத்தில் இருக்கும் கைபேசிக்கு ஒரே நேரத்தில் பல டவர்கள் தென்படும்; எதுவும் உறுதியாகக் கிடைக்காது. தொடர்பு பலவீனமாகும்போதெல்லாம் அது தன் அலைவீச்சின் சக்தியைக் கூட்டிக்கொண்டு தேடும். ஃபிளைட் மோடில் போடாத கைபேசியில் இறங்கும்போது சார்ஜ் குறைந்திருப்பதற்கு ஒரு காரணம் இதுவே.

இந்தத் தேடல் தரையிலுள்ள வலையமைப்புக்கும் தொல்லை. அமெரிக்காவில் பறக்கும் விமானத்தில் செல்லுலார் கைபேசியைப் பயன்படுத்துவதற்கு 1991ல் தடை விதித்தது அந்நாட்டின் தகவல் தொடர்பு ஆணையம். அதன் நோக்கமே தரையிலுள்ள கைபேசிச் சேவையைக் காப்பதுதான்.

விமானத்துக்கு என்ன தொல்லை? பழைய கைபேசியை வானொலிப் பெட்டிக்கு அருகில் வைத்திருந்தவர்களுக்கு அது தெரியும். அழைப்பு வருவதற்குச் சில நொடிகள் முன்பே வானொலி "டிர்ரிக் டிர்ரிக்" என்று இரையும். ஜும்ஆ பயானின்போது மைக்குக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கைபேசியால் பள்ளிவாசல் ஒலிபெருக்கி முழுவதும் அந்தச் சத்தம் கேட்டதுண்டு. அதே இரைச்சல், தரையிறங்கும் நேரத்தில் கட்டுப்பாட்டு அறையின் சொல்லைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் விமானியின் ஹெட்போனில் கேட்டால் எப்படி இருக்கும்? ஒரு எண்ணைத் தவறாகக் கேட்டாலும் பிழைதான்.

அச்சம் உண்மையா, மிகையா?

பெரிய பயணிகள் விமானம் ஒன்று பயணியின் கைபேசியால்தான் விழுந்தது என்று இதுவரை எந்த விசாரணையிலும் நிரூபிக்கப்படவில்லை. இதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஒருவர் மறந்து கைபேசியை அப்படியே விட்டுவிட்டால் விமானம் விழுந்துவிடும் என்று பிள்ளைகளைப் பயமுறுத்துவதும் சரியல்ல.

ஆனால், ஆபத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2003 ஜூன் 6 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் அருகே தரையிறங்க வந்த ஒரு சிறு விமானம் விழுந்து, அதிலிருந்த 10 பேரில் 8 பேர் உயிரிழந்தனர். விமானி மோசமான வானிலையில் குறைந்தபட்ச உயரத்துக்கும் கீழே இறங்கியிருந்தார். இயங்கிக்கொண்டிருந்த அவருடைய கைபேசி, திசை காட்டும் கருவியில் தவறான காட்டல்களை ஏற்படுத்தியிருக்கக்கூடும் என்று விசாரணை ஆணையம் குறிப்பிட்டது. "இருக்கக்கூடும்" என்பதுதான் ஆணையத்தின் சொல். அந்த அளவுக்கே நாமும் சொல்ல வேண்டும்.

2014ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இன்னொரு உத்தரவு போட்டது. போயிங் 737, 777 வகை விமானங்கள் சிலவற்றில், விமானி அறையின் திரைகள் வைஃபை அலைகளால் அணைந்து எரிவது சோதனையில் தெரிய வந்திருந்தது. அந்நாட்டில் மட்டும் 1,300க்கும் மேற்பட்ட விமானங்களில் அந்தத் திரைகளை மாற்றச் சொன்னார்கள். பறக்கும்போது அப்படி நடந்ததாகப் புகார் எதுவும் இல்லை, இருந்தும் மாற்றினார்கள்.

விமானப் பாதுகாப்பு என்பதே இப்படிப்பட்ட சிறு சிறு முன்னெச்சரிக்கைகளால் கட்டப்பட்டதுதான். ஒரு கைபேசியால் ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆனால் ஒரே விமானத்தில் 180 பேர் இருக்கிறார்கள். "நான் ஒருவன் மட்டும்தானே" என்று 180 பேரும் நினைத்தால் கணக்கு மாறிவிடும்.

5ஜி காட்டிய பாடம்

அலைவரிசைப் பிரச்சினை வெறும் பழங்கால பயம் என்று நினைப்பவர்கள் 2022 ஜனவரியை நினைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் புதிய 5ஜி சேவை தொடங்கவிருந்த நேரத்தில், ஏர் இந்தியா, எமிரேட்ஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் அங்கு செல்லும் சில விமானங்களை ரத்து செய்தன. விமானம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்கும் ரேடியோ கருவி 4.2 முதல் 4.4 ஜிகாஹெர்ட்ஸ் வரை இயங்குகிறது. அந்த 5ஜி அலைவரிசை அதற்கு அருகில் வந்ததே காரணம்.

நம் நாட்டில் 2022 அக்டோபர் 1 அன்று 5ஜி தொடங்கியது. அடுத்த மாதமே தொலைத்தொடர்புத் துறை ஓர் உத்தரவு பிறப்பித்தது. ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்து 2,100 மீட்டர் வரையும், ஓடுபாதையின் மையக் கோட்டிலிருந்து 910 மீட்டர் வரையும், 3.3 முதல் 3.67 ஜிகாஹெர்ட்ஸ் வரையுள்ள 5ஜி டவர்களை வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். டவரின் சக்தி வேறு, கைபேசியின் சக்தி வேறு என்பது உண்மைதான். ஆனால் அரசும் நிறுவனங்களும் இந்த இடையூறை வெறும் கற்பனையாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதை இது காட்டுகிறது.

விதிகள் தளர்ந்த வரலாறு

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு காலத்தில் கைபேசியை முழுவதுமாக அணைத்தே வைக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் நிபுணர் குழுவின் ஆய்வுக்குப் பிறகு, 2013 அக்டோபர் 31 அன்று, பயணம் முழுவதும் ஃபிளைட் மோடில் கைபேசியைப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தார்கள். இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2014 ஏப்ரலில் அதே அனுமதியைக் கொடுத்தது. முன்பே பதிவிறக்கிய குர்ஆன் செயலியில் ஓதிக்கொண்டும் பயான் கேட்டுக்கொண்டும் நாம் இன்று பயணம் செய்ய முடிவது அந்த அனுமதியால்தான்.

பிறகு 2018 டிசம்பரில் விமானத்துக்குள் இணையச் சேவைக்கான விதிகள் வந்தன. இந்திய வான்பரப்பில் 3,000 மீட்டர் உயரத்துக்கு மேல்தான் அந்தச் சேவை என்று வரம்பு வைத்தார்கள். 2020ல், விமானத் தலைவர் வைஃபையை அனுமதிக்கலாம் என்று விமான விதிகள் திருத்தப்பட்டன. மின்னணுச் சாதனங்களைப் பயன்படுத்த அனுமதி உள்ள நேரத்தில் மட்டுமே வைஃபை இணையம் தர வேண்டும் என்று 2024 நவம்பரில் மேலும் தெளிவுபடுத்தினார்கள். 2025 ஜனவரி 1 முதல் ஏர் இந்தியா தன் உள்நாட்டு விமானங்கள் சிலவற்றிலும் வைஃபை தரத் தொடங்கியது.

இதனால் ஒரு குழப்பம் வந்திருக்கிறது. "விமானத்திலேயே வைஃபை தருகிறார்கள், பிறகு எதற்கு ஃபிளைட் மோடு?" என்று கேட்கிறோம். ஃபிளைட் மோடு சிம் கார்டின் டவர் தொடர்பைத்தான் துண்டிக்கிறது. அதைப் போட்டுவிட்டு, பணியாளர்கள் அனுமதித்த பிறகு வைஃபையையும் புளூடூத்தையும் தனியாக இயக்கிக்கொள்ளலாம். விமானத்தின் வைஃபை அந்த விமானத்திலேயே சோதித்துப் பொருத்தப்பட்டது. நம் கைபேசியின் டவர் தேடலை அப்படி யாரும் கட்டுப்படுத்தவில்லை. மூடுபனியில் கருவிகளை மட்டுமே நம்பித் தரையிறங்கும் நேரத்தில், ஃபிளைட் மோடில் இருக்கும் கைபேசியையும் முழுவதுமாக அணைக்கச் சொல்லலாம். அப்படிச் சொன்னால் அணைத்துவிட வேண்டியதுதான்.

நம் வீட்டுக்கு வரும் நஷ்டம்

விமானத்தின் பாதுகாப்பு ஒருபுறம் இருக்கட்டும். நம் குடும்பங்களுக்கே நேரடியாக வரக்கூடிய இரண்டு நஷ்டங்கள் உண்டு.

ஒன்று, பணம். 2008 மார்ச்சில் எமிரேட்ஸ் விமானத்துக்குள்ளேயே கைபேசி அழைப்புச் சேவையைத் தொடங்கியது. அதன் பிறகு வேறு பல நிறுவனங்களும் தொடங்கின. விமானத்துக்குள் இருக்கும் சிறு டவர் அது. ரோமிங் இயக்கத்தில் இருக்கும் கைபேசியை ஃபிளைட் மோடில் போடாமல் விட்டால், அது அந்தச் சிறு டவரைத் தானாகவே பிடித்துக்கொள்ளக்கூடும். வளைகுடா நாட்டுக்கென்று போட்ட ரோமிங் பேக்கில் விமானச் சேவை பொதுவாக அடங்காது. அதற்கான பேக்கைத் தனியாகவே விற்கிறார்கள். நாம் தூங்கும்போது பின்னணியில் ஓடும் செயலிகளுக்கும் கட்டணம் ஓடும். போஸ்ட்பெய்டு இணைப்பு வைத்திருப்பவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது நஷ்டம் இன்னும் பெரியது. விமானத் தலைவரின் சார்பில் பணியாளர்கள் தரும் பாதுகாப்பு அறிவுறுத்தலைக் கேட்டு நடப்பது இந்தியச் சட்டப்படி நம் கடமை. 2017 செப்டம்பரில் வந்த விதிகளின்படி, வாய்த்தகராறு போன்ற ஒழுங்கீனத்துக்கே 3 மாதங்கள் வரை விமானப் பயணத் தடை விதிக்க முடியும். கை வைத்தால் 6 மாதங்கள் வரை. உயிருக்கு ஆபத்தான செயலுக்கு 2 ஆண்டுகளோ அதற்கு மேலோ தடை வரலாம். விசா தேதியும் வேலையில் சேரும் தேதியும் குறிக்கப்பட்ட ஒரு பிள்ளைக்கு, ஒரு விமானத்திலிருந்து இறக்கிவிடப்படுவதே போதும். கடன் வாங்கிக் கட்டிய பணம் அந்த ஒரு நிமிடப் பிடிவாதத்தில் போய்விடும்.

அந்தக் கடைசி நிமிடங்களில் நாம் தட்டெழுதும் செய்திகளும் பிரச்சினையாகலாம். 2022 ஆகஸ்ட் 14 அன்று மங்களூருவிலிருந்து மும்பை செல்லவிருந்த விமானம் சுமார் 6 மணி நேரம் தாமதமானது. ஒரு பயணியின் கைபேசியில் வந்த கேலிச் செய்தியைப் பக்கத்துப் பயணி பார்த்துப் பயந்துவிட்டதே காரணம். நண்பர்களுக்குள் விளையாட்டாக எழுதியது அத்தனை பயணிகளையும் மறுபடியும் சோதனைக்கு அனுப்பியது. நம் பெயரையும் தோற்றத்தையும் வைத்தே சந்தேகப்படுகிறவர்கள் இருக்கும் காலம் இது. அந்தச் சந்தேகம் அநியாயமானது. ஆனாலும் பயண நேரத்தில் நாமாக அதற்குச் சாக்குக் கொடுக்காமல் இருப்பது நமக்கு நல்லது.

விடைபெறுவதை முன்பே முடித்துக்கொள்வோம்

நம் பெண்கள், பெரியவர்கள் இதில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அந்த வீடியோ கால் பெரும்பாலும் வீட்டிலிருந்துதான் போகிறது. விமானத்தில் ஏறியதும் ஒரு செய்தி அனுப்பச் சொல்வோம்; அதற்குப் பிறகு நாமாக அழைக்காமல் இருப்போம். "கதவு மூடிட்டாங்க உம்மா, இனி இறங்கினதும் கூப்பிடுறேன்" என்று பிள்ளை சொன்னால், "சரி மக்களே" என்று நாமே முதலில் வைத்துவிடுவோம். இறங்கிய பிறகு சிம் கிடைக்கவும் சோதனைகள் முடியவும் நேரம் ஆகும். அழைப்பு தாமதமானால் பதறவும் வேண்டாம்.

முதன்முறை உம்ராவுக்குப் போகும் முதியவர்களுக்கு, ஃபிளைட் மோடு எங்கே இருக்கிறது என்பதைப் புறப்படும் முன்பே வீட்டில் வைத்துக் காட்டிக் கொடுப்போம். துஆக்கள், டிக்கெட், தங்குமிடத்தின் முகவரி ஆகியவற்றை இணையம் இல்லாமலே திறக்கும்படி கைபேசியில் சேமித்து வைப்போம். ஒரு தாளிலும் எழுதிக் கொடுப்போம். மீகாத் எல்லை நெருங்குவதை விமானத்தில் அறிவிக்கும்போது காதில் ஹெட்போன் இருந்தால் கேட்காமல் போய்விடும் என்பதையும் சொல்லி வைப்போம்.

பள்ளிவாசல் படியேறும்போது யாரும் சொல்லாமலேயே நம் கை கைபேசியைத் தேடுகிறது. தொழுகையில் நிற்கும் ஒருவருடைய கவனம்கூட நம்மால் சிதறக் கூடாது என்பதுதான் அந்தப் பழக்கத்தின் பொருள். விமானத்தில் அமர்ந்து பயண துஆவை ஓதும்போதும் அதே கை அதே வேலையைச் செய்யட்டும். அந்த விமானத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஓர் உம்மா காத்திருக்கிறார்.