வக்கீல் இறந்த செய்தியைக் கட்சிக்காரருக்கு யார் சொல்வது?

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு நல்ல விதியைச் சேர்த்தது. கட்டளை 22, விதி 10-ஏ. வழக்கில் ஒரு தரப்பினர் இறந்துவிட்டதாக அவருடைய வழக்கறிஞருக்குத் தெரியவந்தால், அதை அவர் நீதிமன்றத்தில் சொல்லியாக வேண்டும். நீதிமன்றம் எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். கட்சிக்காரர் இறந்தால் யார் யாருக்குச் சொல்வது என்று இவ்வளவு கவனமாக எழுதிய சட்டம், வழக்கறிஞர் இறந்தால் கட்சிக்காரருக்கு யார் சொல்வது என்று ஒரு வரியும் எழுதவில்லை. கட்டளை 3, விதி 4-இன்படி வழக்கறிஞரின் மரணத்தோடு வக்காலத்து முடிந்துவிடுகிறது. அவ்வளவுதான். பக்கவாதத்தில் படுத்துவிட்டவர், நினைவு தவறிப்போனவர் ஆகியோரின் நிலை இன்னும் மோசம்: வக்காலத்து காகிதத்தில் செல்லுபடியாகும், ஆனால் வழக்கை நடத்த ஆள் இருக்காது. இந்த இடைவெளியை அடைக்கும் பொறுப்பு வழக்கறிஞர் சமூகத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் இருக்கிறது. இரண்டும் நினைத்தால் அது பெரிய வேலையும் அல்ல.

திண்டுக்கல்லைப் போன்ற ஊரில் இது எப்போதோ நடக்கிற விபரீதம் அல்ல. மாவட்ட நீதிமன்றத்திலும் சுற்றுவட்டாரத் தாலுகா நீதிமன்றங்களிலும் தொழில் செய்பவர்களில் கூட்டு நிறுவனமாக இயங்குபவர்கள் அரிது. ஒரு சீனியர், ஒரு குமாஸ்தா, வந்து போகும் ஓரிரு ஜூனியர்கள். ஆபீஸ் என்பது பெரும்பாலும் இதுதான். வாய்தா தேதிகள் ஒரு டைரியில் இருக்கும், கட்டுகள் அலமாரியில் இருக்கும், எந்த வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது பாதி அந்த ஒருவரின் தலைக்குள் இருக்கும். நத்தம் பக்கத்து மாந்தோப்பின் பாகப்பிரிவினை, வேடசந்தூர் நூற்பாலைத் தொழிலாளியின் விபத்து இழப்பீடு, ஒட்டன்சத்திரம் காய்கறி வியாபாரியின் காசோலை வழக்கு என எல்லாம் ஒரே அலமாரியில் கிடக்கும். வழக்கறிஞர் ஒருவர் காலமானால் சங்கம் இரங்கல் தீர்மானம் போடுகிறது, ஒரு நாள் நீதிமன்றப் பணியிலிருந்து விலகி நிற்கிறது. அந்த மரியாதை அவருக்கு உரியது. ஆனால் மறுநாள் பட்டியலில் அவருடைய வழக்குகளும் இருக்கும். கூப்பிடும்போது யாரும் எழ மாட்டார்கள்.

அதன் பிறகு நடப்பதெல்லாம் கெடு கணக்குத்தான். வாதி தரப்பில் ஆள் இல்லாவிட்டால் வழக்கு தள்ளுபடி ஆகலாம். பிரதிவாதி தரப்பில் இல்லாவிட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வரலாம். இரண்டையும் மாற்றக் கேட்டு மனுப்போட 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் தருவது 30 நாள். தோற்ற சிவில் வழக்கில் மாவட்ட அளவில் மேல்முறையீடு செய்யவும் அதே 30 நாள்தான். காசோலை வழக்கில் அறிவிப்பு, பணம் கட்ட 15 நாள் அவகாசம், அதற்குப்பின் ஒரு மாதத்துக்குள் புகார் என்று ஒவ்வொரு படிக்கும் தேதி உண்டு. தாக்கல் செய்த பிறகும் புகார்தாரர் தரப்பு வராவிட்டால் எதிரி விடுதலையாகிவிடலாம். எதிரியாக நிற்பவருக்கோ, அவர் வராததற்குக் காரணம் சொல்லி மனுப்போட ஆள் இல்லாத ஒரே காரணத்தால் பிடிவாரண்ட் வரலாம். இவை போக, அலமாரிக்குள் இருக்கும் மூலப்பத்திரங்கள். நீதிமன்றத்தில் இன்னும் தாக்கல் செய்யாத அசல் ஆவணம் தொலைந்தால் வழக்கோடு நிலத்துக்கான ஆதாரமும் போய்விடும்.

நீதிமன்றங்கள் இரக்கமற்றவை அல்லவே, தாமதத்தை மன்னிக்கக் காலவரையறைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. வழக்கறிஞர் வராமல் போனதற்காக ஒன்றும் அறியாத கட்சிக்காரர் துன்பப்படக் கூடாது என்று 1981-இல் ரஃபீக் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆனால் அதை எல்லா வழக்குக்கும் பொதுவிதியாக எடுத்துக்கொள்ள முடியாது என்று 1993-இல் சலில் தத்தா வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, இது நீதிபதியின் மனநிறைவைப் பொறுத்த சலுகை, கட்சிக்காரரின் உரிமை அல்ல. அந்தச் சலுகையைக் கேட்கவும் புது வக்கீல், புது ஃபீஸ், நாள் கணக்கு காட்டும் பிரமாணப் பத்திரம், எதிர்த்தரப்பின் ஆட்சேபம், சில சமயம் செலவுத்தொகை எல்லாம் உண்டு. கீழே மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். எந்தத் தவறும் செய்யாத ஒருவர் இவ்வளவும் செலவழித்து, பழைய இடத்துக்கு வந்து சேருவார். கொரோனா காலத்தில் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களைக் கெடுவில் சேர்க்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து உத்தரவிட்டது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கதவு அடைபட்டபோது சட்டம் வளைந்து கொடுத்தது. ஒரே ஒரு வக்கீலின் கதவு அடைபட்டு நாற்பது ஐம்பது குடும்பங்கள் வெளியே நிற்கும்போது அதில் பாதியாவது வளையக் கூடாதா?

செய்ய வேண்டியது இரண்டு. முதலாவது, தனியாகத் தொழில் செய்யும் ஒவ்வொரு வழக்கறிஞரும் தான் செயலிழந்தால் கட்டுகளைக் கணக்கெடுக்கவும், கட்சிக்காரர்களுக்குத் தகவல் சொல்லவும், ஆவணங்களைத் திருப்பித் தரவும் இன்னொரு வழக்கறிஞரின் பெயரைச் சங்கத்திடமோ பார் கவுன்சிலிடமோ முன்கூட்டியே எழுதிக்கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் புளோரிடாவில் இது கட்டாயம். இங்கிலாந்தில் 1974-ஆம் ஆண்டுச் சட்டம், தனி வழக்கறிஞர் இறந்தாலோ இயலாமல் போனாலோ அவர் அலுவலகத்தின் கட்டுகளையும் கட்சிக்காரர் பணத்தையும் பொறுப்பெடுக்கும் அதிகாரத்தை ஒழுங்குமுறை அமைப்புக்குத் தந்திருக்கிறது. நம்மிடம் 1987-ஆம் ஆண்டு முதல் வழக்கறிஞர் சேமநல நிதிச் சட்டம் இருக்கிறது. இறந்தவரின் குடும்பத்துக்கு அது கைகொடுக்கிறது, கொடுக்கத்தான் வேண்டும். அவரை நம்பி வந்தவர்களுக்கென்று அப்படி ஒன்றும் கிடையாது. இரண்டாவது, ஒரு வழக்கறிஞர் இறந்ததாகவோ செயலிழந்ததாகவோ சங்கம் நீதிமன்றத்துக்குத் தகவல் கொடுத்த நாளிலிருந்து 60 நாட்களுக்கு அவருடைய வழக்குகளில் ஆள் வராததற்காகத் தள்ளுபடியோ ஒருதலைப்பட்ச உத்தரவோ கூடாது. நீதிமன்றமே கட்சிக்காரருக்கு நேரடியாக அறிவிப்பு அனுப்ப வேண்டும். கட்சிக்காரரிடமிருந்து தகவல் இல்லை என்று வழக்கறிஞர் சொல்லி விலகும்போது கட்சிக்காரருக்கு அறிவிப்பு அனுப்பியிருக்க வேண்டும் என்று 1998-இல் மல்கியத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாய் திறந்து விலகுகிறவருக்கே அப்படி என்றால், வாய் திறக்கவே முடியாமல் போனவருக்கு அது பொருந்தாதா? இதற்கு நாடாளுமன்றத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 122-ஆவது பிரிவின் கீழ், கட்டளை 3-இல் ஒரு விதியைச் சேர்க்கச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே அதிகாரம் இருக்கிறது.

வழக்கறிஞர்களின் தயக்கம் எனக்குப் புரிகிறது. பெயர் எழுதிக்கொடுத்தவரே கட்சிக்காரர்களை அள்ளிக்கொண்டு போய்விட்டால் என்ற பயம் நியாயமானது. ஆகவே பொறுப்பெடுப்பவரின் வேலை தகவல் சொல்வதோடும் கட்டைத் திருப்பித் தருவதோடும் நிற்க வேண்டும். வழக்கை நடத்த யாரை வைப்பது என்பதைக் கட்சிக்காரரே எழுத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும். ரகசியம் கெடும் என்பது இன்னொரு வாதம். கட்சிக்காரர் சொன்னதை வெளியிடக் கூடாது என்ற கடமை இன்று குமாஸ்தாவையும் கட்டுகிறது. பொறுப்பெடுக்கும் வழக்கறிஞருக்கு அதே கடமையை விதிப்பதில் என்ன சிக்கல்? வீட்டாரின் கவலை ஃபீஸ் பாக்கி. 2000-ஆம் ஆண்டு ஆர்.டி. சக்சேனா வழக்கில், ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டை வழக்கறிஞர் பிடித்துவைக்க உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. வழக்கறிஞருக்கே இல்லாத உரிமை வாரிசுகளுக்கு வராது. பாக்கி இருந்தால் அதைத் தனியாகக் கேட்டு வாங்கலாம். வழக்கை இழுத்தடிக்க இது சாக்காகிவிடும் என்று எதிர்த்தரப்பு அஞ்சலாம். 60 நாள் என்று வரம்பு இருக்கிறது, சங்கத்தின் எழுத்துச் சான்றும் இருக்கிறது. தள்ளுபடியான வழக்கைத் திரும்ப எடுப்பதிலேயே மாதக்கணக்கில் போவதை ஒப்பிட்டால் எதிர்த்தரப்புக்கும் இதுவே குறுகிய வழி.

நினைவு தவறிய வழக்கறிஞர் விஷயத்தில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. ஏற்கெனவே ஒருவர் வக்காலத்து போட்ட வழக்கில் அவருடைய ஒப்புதல் இல்லாமல் மற்றவர் நுழையக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி 39. ஒப்புதல் கிடைக்காவிட்டால் காரணம் சொல்லி நீதிமன்ற அனுமதி கேட்கலாம் என்று அதே விதி வழி விட்டிருக்கிறது. ஆனால் கிராமத்துக் கட்சிக்காரருக்கு அது தெரியாது; 'நோ அப்ஜெக்ஷன் வாங்கிட்டு வாங்க' என்றே அவர் திருப்பி அனுப்பப்படுகிறார். மருத்துவச் சான்றையோ சங்கத்தின் கடிதத்தையோ ஒப்புதலுக்கு ஈடாக ஏற்க வேண்டும் என்று முதன்மை மாவட்ட நீதிபதி ஒரு சுற்றறிக்கை விட்டால், திண்டுக்கல்லில் இந்த ஒரு முடிச்சாவது நாளையே அவிழும். புது வக்கீல் வைக்க வசதி இல்லாதவருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமலே அங்கே இலவச வழக்கறிஞர் உண்டு. நீதிமன்றம் அனுப்பும் அறிவிப்பிலேயே அந்த அலுவலகத்தின் முகவரியையும், வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையும், அடுத்த வாய்தா தேதியையும் தமிழில் அச்சடித்து அனுப்ப வேண்டும்.