டோன்சிச்சின் தடுப்பாட்டமும் டாலஸ் போட்ட கணக்கும்

கூடைப்பந்து அணியில் ஆட்டத்தை நடத்துபவர் பாயிண்ட் கார்டு. பந்தை முன்னெடுத்து வருவதும், யாருக்கு எப்போது கொடுப்பது என்று தீர்மானிப்பதும் அவர் பொறுப்பு. அவரை மதிப்பிடும்போது எடுத்த புள்ளிகளையும் கொடுத்த அசிஸ்ட்களையும் எண்ணுவார்கள். பந்து எதிரணியிடம் இருக்கும்போது அவர் என்ன செய்கிறார் என்பது பெரும்பாலும் இரண்டாவது கேள்விதான். 2025 பிப்ரவரித் தொடக்கத்தில் அந்த இரண்டாவது கேள்வியே அமெரிக்காவின் என்பிஏ தொடரைப் புரட்டிப் போட்டது.

எட்டு மாதங்களுக்கு முன்புதான் தன்னை இறுதிப்போட்டிக்கு அழைத்துச் சென்ற 25 வயது லூக்கா டோன்சிச்சை, டாலஸ் மேவரிக்ஸ் அணி லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்தது. பதிலுக்குப் பெற்றது முதன்மையாக 31 வயது ஆண்டனி டேவிஸ், இளம் வீரர் மேக்ஸ் கிறிஸ்டி, 2029-ஆம் ஆண்டுக்கான ஒரு முதல் சுற்றுத் தேர்வு உரிமை ஆகியவற்றை. தடுப்பாட்டமே பட்டங்களை வென்று தருகிறது என்பது தமது நம்பிக்கை என்றார் அணியின் பொது மேலாளர் நிக்கோ ஹாரிசன். டோன்சிச்சின் உடல்தகுதி குறித்த கவலையும், அவருக்கு வழங்க வேண்டியிருந்த சுமார் 34.5 கோடி டாலர் ஐந்தாண்டு ஒப்பந்தமும் காரணங்களாகப் பேசப்பட்டன. ஆயினும் வெளிப்படையாகச் சொல்லப்பட்ட காரணம் தடுப்பாட்டம். அந்தக் காரணம் எவ்வளவு வலுவானது?

டோன்சிச் மோசமான தடுப்பாட்டக்காரர் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எளிது. ஆனால் அது பாதி உண்மைதான். ஆறரை அடிக்கும் மேற்பட்ட உயரமும் கனத்த உடற்கட்டும் கொண்டவர் அவர். பாயிண்ட் கார்டுகளில் இது அரிது. கூடைக்கு அருகில் முதுகைக் கொடுத்து அவரைத் தள்ளிக்கொண்டு போவது பெரிய வீரர்களுக்கும் கடினம். எதிரணியின் தவறிய எறிகளைப் பிடிப்பதில் அவருக்கு இணையான கார்டுகள் மிகச் சிலரே. 2023-24 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 9.2 ரீபவுண்டுகள் எடுத்தார். பிடித்த பந்தை வேறொருவரிடம் கொடுத்துக் காத்திருக்காமல் அங்கிருந்தே தாக்குதலைத் தொடங்கிவிடுவார். பந்து எங்கே போகப்போகிறது என்பதை முன்கூட்டியே படிக்கும் கண்ணும் அவருக்கு உண்டு. தாக்குதலில் அவரை மேதையாக்கும் அதே அறிவு, தடுப்பிலும் பந்தை இடைமறிக்க உதவுகிறது.

குறை இருப்பது கால்களில். விரைவான கார்டு ஒருவர் எதிரே பந்தைத் தட்டியபடி வரும்போது பக்கவாட்டில் நகர்ந்து வழிமறிக்கும் வேகம் அவருக்கு இல்லை. எதிரணி வீரர் சுவர்போல் நின்று ஸ்கிரீன் போடும்போது அதைச் சுற்றிக்கொண்டு தன் ஆளைப் பின்தொடர்வதிலும் தாமதம் தெரிகிறது.

இந்தக் குறை முன்பெல்லாம் இத்தனை பெரிதாகத் தோன்றியிருக்காது. வலுவற்ற தடுப்பாட்டக்காரரை, மூலையில் நின்று அதிகம் பந்து தொடாத ஒருவருக்கு எதிரே நிறுத்தி மறைத்துவிடலாம். இன்றைய ஆட்டம் அப்படி விடுவதில்லை. டோன்சிச் காவல் காக்கும் ஆள் யாரோ, அவரையே அழைத்து ஸ்கிரீன் போடச் சொல்கிறார்கள். தடுப்பவர்கள் ஆளை மாற்றிக்கொள்ள நேர்கிறது. சில நொடிகளில் எதிரணியின் சிறந்த வீரர் டோன்சிச்சின் முன்னால் நிற்கிறார். ஒருமுறை பலித்தால் அடுத்த முறையும், அதற்கடுத்த முறையும் இதையே செய்வார்கள். வேட்டை என்றே இதைச் சொல்கிறார்கள், சரியான சொல்தான்.

2022 பிளேஆஃபின் இரண்டாம் சுற்றில் ஃபீனிக்ஸ் சன்ஸ் இதைத்தான் செய்தது. கிறிஸ் பாலும் டெவின் புக்கரும் மீண்டும் மீண்டும் அவரைத் தேடி வந்து தாக்கினார்கள். முதல் இரண்டு ஆட்டங்களும் ஃபீனிக்ஸுக்கு. அந்தப் பருவத்தில் 64 வெற்றிகளுடன் தொடரிலேயே முதலிடம் பிடித்திருந்த அணி அது. ஆனால் ஏழாவது ஆட்டத்தில் அதே ஃபீனிக்ஸை அதன் சொந்த மைதானத்தில் 123-90 என்று டாலஸ் நொறுக்கியது. பாதி ஆட்டம் முடிந்தபோது ஃபீனிக்ஸ் அணி முழுவதும் சேர்ந்து எடுத்திருந்த புள்ளிகள் 27. டோன்சிச் தனியாக எடுத்திருந்ததும் 27. இரண்டு வாரங்களில் டோன்சிச்சின் கால்கள் வேகம் பெற்றுவிடவில்லை. அவரைத் தாண்டி வருபவரை அடுத்தவர் எங்கே மறிப்பது, அவர் விட்ட இடத்தை யார் நிரப்புவது என்பதை அணி கற்றுக்கொண்டது.

2024-இல் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பருவத்தின் நடுவில் டேனியல் காஃபோர்டும் பி.ஜே. வாஷிங்டனும் வந்து சேர்ந்தார்கள். கூடைக்கு அடியில் காஃபோர்டும் இளம் சென்டர் டெரெக் லைவ்லியும் காவல் நிற்க, எதிரணியின் முதன்மை வீரர்களை வாஷிங்டனும் டெரிக் ஜோன்ஸும் பார்த்துக்கொண்டார்கள். ஐந்தாம் இடத்தில் இருந்த டாலஸ், முதலிடத்தில் இருந்த ஓக்லஹோமா சிட்டியை வீழ்த்தி மேற்கு மண்டலத்தை வென்றது. மண்டல இறுதியின் இரண்டாவது ஆட்டத்தில், கடைசி நொடிகளில் டோன்சிச் எறிந்த மும்முனைப் புள்ளியில் வெற்றி கிடைத்தது. அவர் எதிரே நின்றவர் ரூடி கோபேர். அந்த ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை நான்காவது முறையாகப் பெற்றவர்!

இறுதிப்போட்டியில் பாஸ்டன் செல்டிக்ஸ் 4-1 என்று வென்றது. பாஸ்டனில் மறைக்க இடமில்லை. ஐவருமே பந்தைக் கையாளவும் தொலைவிலிருந்து எறியவும் தெரிந்தவர்கள். மூன்றாவது ஆட்டத்தில் டாலஸ் 21 புள்ளிகள் பின்தங்கியிருந்து விறுவிறுவென்று எழுந்து நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போது, 4 நிமிடம் 12 நொடிகள் மீதமிருக்க, ஜேலன் பிரவுனைத் தடுக்க முயன்ற டோன்சிச் ஆறாவது ஃபவுலுடன் வெளியேறினார். மார்பிலும் முழங்காலிலும் காயத்துடன் அவர் ஆடினார் என்பது உண்மை. அவர் ஆடிய விதம் அணியைப் பாதித்தது என்பதும் உண்மை.

கால்களின் வேகக்குறைவை மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது ஒரு பழக்கம். எறி தவறி, தனக்கு ஃபவுல் தரப்படவில்லை என்று தோன்றினால் அவர் நடுவரிடம் வாதாடத் தொடங்கிவிடுகிறார். எதிரணி பந்துடன் மறுமுனைக்கு ஓடுகிறது. டாலஸ் நால்வராக நின்று ஐவரைத் தடுக்கிறது. இதற்கு உயரமும் தேவையில்லை, வேகமும் தேவையில்லை. திரும்பி ஓடினால் போதும். ஹாரிசனின் புகாரில் எனக்கு நியாயமாகப்படும் பகுதி இதுதான். ஆனால் பழக்கம் திருத்தக்கூடியது. 25 வயதில் நிச்சயமாக.

டாலஸின் கணக்கு இன்னொன்றையும் விட்டுவிட்டது. தடுப்பாட்டம் எதிரணி பந்தைப் பெறும் கணத்திலேயே தொடங்குகிறது. எப்படிப் பெறுகிறது என்பது முக்கியம். பந்து கூடைக்குள் விழுந்தால் எதிரணி எல்லைக்கோட்டுக்குப் பின்னாலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். தடுப்பவர்கள் ஐவரும் தத்தம் இடத்துக்கு வந்துவிட அவகாசம் கிடைக்கும். ஆட்டத்துக்கு 33.9 புள்ளிகள் எடுத்து, ஏறத்தாழ பத்து அசிஸ்ட்களும் கொடுத்த ஒருவர், அந்த வகையில் தன் அணியின் தடுப்புக்கும் உதவுகிறார். ஆட்டப் புள்ளிவிவர அட்டையில் இது அவர் பெயருக்கு எதிரே வராது. மாறாக, தன் ஆளைக் கைவிட்டுப் பந்தைப் பறிக்கப் பாய்ந்து, பத்தில் இரண்டு முறை வெல்பவரின் கணக்கில் ஸ்டீல்கள் அழகாக ஏறும்.

பின்னர் நடந்தவை தெரிந்தவையே. டேவிஸ் டாலஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே காயமடைந்தார். மார்ச் மாதத்தில் கைரி இர்விங்கின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அணி 39 வெற்றிகளுடன் பிளேஆஃபுக்கு வெளியே நின்றது. பிறகு 1.8 விழுக்காடு மட்டுமே வாய்ப்பிருந்த குலுக்கலில் முதல் தேர்வு உரிமை கிடைத்து, கூப்பர் ஃப்ளாக் வந்தார். அது அதிர்ஷ்டம், அதைக் கொண்டு முடிவை நியாயப்படுத்துவது சரியாகாது. 2025 நவம்பர் 11 அன்று ஹாரிசன் பதவி நீக்கப்பட்டார்.

லேக்கர்ஸும் உடனே வென்றுவிடவில்லை. டேவிஸைக் கொடுத்த அந்த அணியிடம் கூடையைக் காக்க உருப்படியான சென்டர் இல்லை. சார்லட் அணியின் மார்க் வில்லியம்ஸைப் பெறச் செய்த ஒப்பந்தம், மருத்துவப் பரிசோதனைக்குப் பின் ரத்தானது. முதல் சுற்றிலேயே மின்னசோட்டாவிடம் 4-1 என்று தோற்றார்கள். ஐந்தாவது ஆட்டத்தில் அதே ரூடி கோபேர் 27 புள்ளிகளும் 24 ரீபவுண்டுகளும் எடுத்தார். டோன்சிச்சைத் தாண்டி வருபவரை மறிக்கப் பின்னால் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்தத் தொடர் காட்டியது.

லேக்கர்ஸ் நிர்வாகம் டாலஸ் எடுத்த முடிவுக்கு வரவில்லை. ஆகஸ்டில் டோன்சிச்சுடன் மூன்றாண்டுகளுக்கு 16.5 கோடி டாலர் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதற்கு முந்தைய மாதமே சென்டர் டிஆண்ட்ரே ஏய்ட்டனையும், 2022-இன் சிறந்த தடுப்பாட்டக்காரரான மார்கஸ் ஸ்மார்ட்டையும் சேர்த்திருந்தது. டோன்சிச் தன் பங்குக்கு அந்தக் கோடையில் உடல் எடையைக் குறைத்துக்கொண்டு வந்தார். நடுவரிடம் வாதாடுவதைக் குறைத்துக்கொள்வது மட்டும் இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது.