எதிரியைப் பார்த்துவிட்டு ஓடி வரும் கார்!

2023 ஜனவரியில் உக்ரேனுக்குப் பிரான்ஸ் ஒரு யுத்த வாகனத்தை அளிக்க முன்வந்தது. இலேசு ரக டாங்கி என்று அதை வர்ணித்தார்கள். உண்மையில் அது ஆறு சக்கரங்களில் ஓடும் வேவு வாகனம். 'ஏ.எம்.எக்ஸ். 10 ஆர்.சி.' என்று பெயர். அதில் 105 மில்லிமீட்டர் பீரங்கி இருந்ததுதான் வினையாயிற்று!

அந்த ஆண்டுக் கோடைத் தாக்குதலில் அதை முன்வரிசைக்கே அனுப்பினார்கள். பக்கத்தில் வெடித்த குண்டின் சிதறல்களே கவசத்தைத் துளைத்தன. ஒரு வண்டியில் இருந்த 4 பேரும் மாண்டனர். நேரடித் தாக்குதலுக்கு இது லாயக்கில்லை என்று உக்ரேன் மேஜர் ஒருவரே நிருபர்களிடம் கூறினார்.

வேவு பார்க்கப் போகிறவனுக்கு எவ்வளவு ஆயுதம் வேண்டும்? இரண்டாவது உலக யுத்தத்திலேயே பிரிட்டிஷார் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். அதன் பெயர் 'டிங்கோ'.

இரண்டே பேர்

டெய்ம்லர் கம்பெனி தயாரித்த இந்தக் கவசக் காரின் எடை சுமார் 3 டன். உள்ளே இரண்டே பேர். ஆயுதம்? சாதாரணக் காலாட்படைச் சிப்பாய் சுமக்கும் அதே 'பிரென்' துப்பாக்கி ஒன்று, அவ்வளவுதான். அதைவிட ரேடியோவுக்குத்தான் வேலை அதிகம்.

சூட்சுமம் கியர் பெட்டியில் இருந்தது. முன்னே போக 5 கியர். பின்னே போகவும் 5 கியர்! வேகம் மணிக்கு 55 மைல். எதிரி தென்பட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டாம். வந்த வழியே பின்னோக்கிப் பறந்துவிடலாம். டிரைவர் பின்னால் பார்க்க வசதியாக அவருடைய ஆசனத்தைச் சற்றுக் கோணலாகவே அமைத்தார்கள்.

1939 முதல் 1945 வரை 6,600-க்கு மேற்பட்ட டிங்கோக்கள் தயாராயின. இத்தாலியர் இதைப் பார்த்து 'லின்ச்சே' என்று ஒரு நகலே செய்துகொண்டார்கள். எதிரி கொடுத்த நற்சாட்சிப் பத்திரம்!

ஜெர்மானியர் தங்கள் வேவுக் கார்களில் 20 மி.மீ. பீரங்கியும், அமெரிக்கர் 'எம்.8' காரில் 37 மி.மீ. பீரங்கியும் வைத்தார்கள். அதிலும் நியாயம் உண்டு. சுட்டுப் பார்த்தால்தான் எதிரியின் பலம் தெரியும் என்ற நிலை யுத்தத்தில் அடிக்கடி வரும். ஆனால் கனரக ஜெர்மன் டாங்கிகளின் முன்பக்கக் கவசத்தை 37 மி.மீ. குண்டு அசைக்கவில்லை. எம்.8-ன் அடித்தளமோ மெல்லியது. கண்ணிவெடிக்குப் பயந்து சிப்பாய்கள் மணல் மூட்டைகளைப் பரப்பிக்கொண்டு போனார்கள்.

3 டன், 38 டன்

டிங்கோவுக்குப் பிறகு 1950-களில் வந்த 'பெர்ரெட்' சுமார் 4 டன். ஆயுதம் ஓர் இயந்திரத் துப்பாக்கி. 1970-களில் வந்த 'சிமிட்டர்' சுமார் 8 டன், 30 மி.மீ. பீரங்கி. அதன் இடத்துக்குப் பிரிட்டன் தேர்ந்தெடுத்த 'அஜாக்ஸ்' சுமார் 38 டன், 40 மி.மீ. பீரங்கி!

589 அஜாக்ஸ் வண்டிகளுக்கு 2014-ல் ஒப்பந்தமாயிற்று. ஆனால் வண்டியின் சத்தமும் அதிர்வும் உள்ளே இருந்த வீரர்களையே பாதித்ததால் சோதனைகளை நிறுத்த வேண்டி வந்தது. ஒளிந்து பார்க்கப் போகும் வண்டிக்கு இந்த ஆர்ப்பாட்டம் எதற்கு என்று கேட்டால், ராணுவத்தார் ஈராக்கையும் ஆப்கானிஸ்தானத்தையும் காட்டுவார்கள். அங்கே சாலையோர வெடிகள் மெல்லிய கவசங்களைக் கிழித்தெறிந்தன.

2022-ல் மூண்ட உக்ரேன் யுத்தத்தில் டிங்கோவின் வேலையை டிரோன்கள் எடுத்துக்கொண்டன. பார்த்துச் செய்தி சொல்ல ஆளே போக வேண்டியதில்லை. அதே டிரோன் குண்டைச் சுமந்து மேலிருந்து பாயும்போது, பின்னோக்கி 5 கியர் இருந்தும் தப்புவது கடினம். கனமான வண்டிகளுக்கும் கூரைக் கவசம் மெல்லியதுதான். டிங்கோவின் கடைசி மாடலுக்கோ கூரையே கிடையாது.