மைனஸ் 20 டிகிரி குளிரில் குறி தப்பாமல் சுடுவது எப்படி? பயாத்லான் வீரர்கள் தயாராகும் விதம்

வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் வைக்கும் ஃப்ரீசருக்குள் வெப்பநிலை சுமார் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் கிலோமீட்டர் கணக்கில் பனியில் சறுக்கி வந்து, மூச்சு வாங்க வாங்கப் படுத்து, 50 மீட்டர் தூரத்தில் இருக்கும் 4.5 சென்டிமீட்டர் வட்டத்தைச் சுடணும். பயாத்லான் வீரர்களுக்கு இதுதான் வேலை.

பனிச்சறுக்கும் துப்பாக்கிச் சுடுதலும் சேர்ந்த குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டு இது. குறைந்தது 3.5 கிலோ எடையுள்ள துப்பாக்கி முதுகிலேயே இருக்கும். ஒரு குறி தப்பினால், போட்டியின் வகையைப் பொறுத்து 150 மீட்டர் கூடுதலாகச் சுற்றணும். இல்லையென்றால் நேரத்தில் ஒரு நிமிடத்தைக் கூட்டிவிடுவார்கள்.

அந்த ஒரு நிமிடம் என்ன செய்யும் என்பதற்கு 2018 பியோங்சாங் ஒலிம்பிக் சாட்சி. பெண்கள் 15 கிலோமீட்டர் தனிநபர் போட்டியில் ஸ்வீடனின் ஹன்னா ஓபெரி 20 குறிகளையும் வீழ்த்தித் தங்கம் வென்றார். இரண்டாவது வந்த ஸ்லோவாக்கியாவின் அனஸ்தாசியா குஸ்மினா தப்பவிட்டது இரண்டே குறி. அவர் தோற்றது சுமார் 25 விநாடி வித்தியாசத்தில். அதில் ஒன்று விழுந்திருந்தால் தங்கம் கைமாறியிருக்கும்.

தோட்டாவுக்கும் குளிருமா?

ஆமாம். இங்கே பயன்படுவது பாயின்ட் 22 வகை சிறிய தோட்டா. குளிர் ஏற ஏற அதற்குள் இருக்கும் மருந்து பற்றி எரியும் விதம் மாறும், தோட்டாவின் வேகம் குறையும். உதாரணத்துக்கு, விநாடிக்கு 330 மீட்டர் வேகத்தில் போக வேண்டிய தோட்டா 310 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிட்டு எளிமையாகக் கணக்குப் போட்டாலே, 50 மீட்டர் தூரத்தில் அது சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் கீழே இறங்கிவிடும். இலக்கின் மையத்திலிருந்து விளிம்பு வரை இருப்பதே 2.25 சென்டிமீட்டர்தான். வீரர் தப்பே செய்யாமல் பாதிக்கு மேல் இடம் காலி!

அதனால்தான் குளிருக்கென்றே தனித் தோட்டா வருகிறது. பின்லாந்தில் தொடங்கிய லபுவா நிறுவனத்தின் 'போலார் பயாத்லான்' அப்படிப்பட்ட ஒன்று. தோட்டாவை வாங்கிவிட்டால் மட்டும் போதாது. எந்தத் துப்பாக்கிக்கு எந்தத் தயாரிப்புத் தொகுதியின் தோட்டா ஒத்துப்போகிறது என்று அணிகள் சுட்டுப் பார்த்தே தேர்வு செய்கின்றன.

துப்பாக்கியை ரூமுக்குள் கொண்டுபோனால் என்ன?

குளிரில் இருந்த துப்பாக்கியைக் கதகதப்பான அறைக்குள் எடுத்துப்போனால், கண்ணாடி டம்ளரில் ஐஸ் வாட்டர் ஊற்றியது மாதிரி வெளியே வேர்த்துவிடும். அந்த ஈரத்தோடு மறுபடி வெளியே கொண்டுவந்தால் அது உறைந்து, நகர வேண்டிய பாகம் இறுகிக்கொள்ளும். அதனால் போட்டிக்கு முன்பே துப்பாக்கியை வெளிக்குளிரிலேயே வைத்துப் பழக்குகிறார்கள்.

எண்ணெயும் இதே கதைதான். சாதாரண எண்ணெய் கடுங்குளிரில் கெட்டியாகிவிடும். தோட்டாவின் அடியைத் தட்ட வேண்டிய ஊசி மெதுவாகப் போய் இடித்தால், 'டிக்' என்று சத்தம் வரும், வெடிக்காது. எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, குளிருக்கென்று உள்ளதை மெல்லிசாகப் பூசுவதுதான் வழி. பயாத்லானில் டெலஸ்கோப்புக்கு அனுமதி இல்லை, சின்னத் துளை வழியாகத்தான் குறி பார்க்க வேண்டும். பனி போய் அடைத்துக்கொள்ளாமல் அதற்கும் குழல் வாய்க்கும் மூடி உண்டு. திறக்க மறந்தால் அவ்வளவுதான்.

இத்தனையும் சரியாக இருந்தும் விரல் ஏமாற்றலாம். விசையை இழுக்கக் குறைந்தது அரை கிலோ விசை தேவை என்பது விதி. மரத்துப்போன விரலுக்கு எங்கே தொட்டோம், எப்போது இழுத்தோம் என்பதே தெரியாது. தடிமனான கையுறை போட்டால் கை சூடாக இருக்கும், ஆனால் விசை பிடிபடாது. மெல்லிசான கையுறையோடு பயிற்சி எடுத்துப் பழகுவதைத் தவிர இதற்குக் குறுக்கு வழி கிடையாது. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வீரர்கள் கன்னத்திலும் மூக்கிலும் கலர் டேப் ஒட்டிக்கொண்டு ஓடியது ஸ்டைலுக்காக இல்லை, தோல் உறைந்துவிடாமல் இருக்கத்தான்.

எவ்வளவு குளிர் வரை போட்டி நடக்கும்?

மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போனால் போட்டியைத் தொடங்கக் கூடாது என்கிறது சர்வதேச பயாத்லான் சங்கத்தின் விதி. பாதையில் எந்த இடம் மிகக் குளிரோ, அங்கே அளந்து பார்ப்பார்கள். மைனஸ் 15ஐத் தாண்டினாலே காற்றின் வேகத்தால் கூடும் குளிரையும் ஈரப்பதத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

குளிருக்காவது முன்கூட்டித் தயாராகலாம், காற்றுக்கு அப்படி முடியாது. போட்டிக்கு முன் காகித இலக்கில் சுட்டு, பயிற்சியாளர் சொல்லும் அளவுக்குக் குறியைத் திருத்திக்கொள்வதை 'ஜீரோயிங்' என்பார்கள். அந்தக் கணக்கு அந்த நேரத்துக் காற்றுக்கு மட்டும்தான். அரை மணி நேரத்தில் காற்று திசை மாறினால், மைதானத்தில் ஆடும் சின்னக் கொடிகளைப் பார்த்து வீரரே முடிவெடுக்க வேண்டும். ஓபெரி தங்கம் வென்ற அந்தப் போட்டியே பலத்த காற்றால் ஒரு நாள் தள்ளி நடந்ததுதான். பெய்ஜிங்கிலோ, குளிரும் காற்றும் மோசமாகும் என்று கணித்து, பெண்கள் மாஸ் ஸ்டார்ட் போட்டியை ஒரு நாள் முன்னதாகவே நடத்தினார்கள்.

இந்த இரண்டு ஒலிம்பிக்கிலும் பயாத்லான் போட்டிகள் பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் விளக்கொளியில்தான் நடந்தன. ஐரோப்பாவில் டிவி பார்ப்பவர்களின் நேரத்துக்கு ஏற்ற அட்டவணை அது. சூரியன் இறங்க இறங்க வெப்பநிலையும் இறங்கும், ஜீரோயிங் செய்த கணக்கும் கலையும். டிவிக்காரர்களாகிய நாம் இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான்.

2026 ஒலிம்பிக்கின் பயாத்லான் இத்தாலியின் ஆன்டர்செல்வாவில், சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் மைதானத்துக்கு வந்தது. ஐரோப்பாவிலேயே நடப்பதால் அட்டவணையும் பிற்பகலுக்கு மாறியது. 2030இல் பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலை என்பதால், அங்கேயும் போட்டிகளைப் பகலில் வைக்கத் தடை எதுவும் இல்லை.