விடுதி மின்விசிறியும் கணக்கில் வரட்டும்

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வரப்போகிறது என்றதும் கல்லூரி மொட்டைமாடியில் சோலார் தகடுகள் ஏறிவிடுகின்றன. தர மதிப்பீட்டின் ஏழாவது அளவுகோல் மாற்று எரிசக்தியைக் கேட்கிறது. தகட்டைப் படம் எடுத்து அறிக்கையில் ஒட்டலாம். மின்விசிறியை யார் படம் எடுப்பார்கள்? ஆனால் அதே அளவுகோல் கேட்கும் எரிசக்தித் தணிக்கையை ஒழுங்காகச் செய்தால் முதலில் கண்ணில் படுவது விசிறிதான். பழைய விசிறி சுமார் 75 வாட் இழுக்கும்; தூரிகையில்லா மோட்டார் கொண்ட பிஎல்டிசி (BLDC) விசிறிக்கு 30 வாட் போதும். விடுதி அறையில் நாளுக்கு 12 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் ஒரு விசிறியில் மட்டும் 162 யூனிட் மிச்சம். 500 விசிறி உள்ள விடுதியில் 81,000 யூனிட். ஒரு கிலோவாட் தகடு நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்று வைத்தால், இதற்கு ஈடாக 55 கிலோவாட் தகடு வேண்டும். அந்தத் தகடும் விசிறி ஓடும் இரவில் எதுவும் தராது. வெயில் கொளுத்தும் மே மாதத்திலோ கல்லூரியே காலி. சோலார் வேண்டாம் என்பதல்ல. தேவையைக் குறைத்துவிட்டு வாங்கினால் சின்னதாக வாங்கலாம்.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். ஓடுகிற விசிறிகளை ஒரே நாளில் கழற்றச் சொல்லவில்லை. எரிந்துபோன விசிறிக்கு மறுபடி காயில் கட்டுவதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. புதிதாக வாங்கும்போது விலையில் 1,500 ரூபாய் கூடினாலும், யூனிட் 7 ரூபாய் கணக்கில் விடுதியில் இரண்டு ஆண்டுக்குள் அது திரும்பிவிடும். வகுப்பறையில் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். மாணவர்கள் அணைக்காமல் போகிறார்கள் என்பது இன்னொரு புகார். உண்மைதான், அணைக்காமல் விட்டாலும் 30 வாட் விசிறி வீணாக்குவது பாதிக்கும் குறைவு. ‘மின்சாரத்தைச் சேமிப்போம்’ பலகைகள் இத்தனை ஆண்டுகளாக எதைச் சேமித்தன என்று யாருக்கும் தெரியாது. வளாகம் முழுவதற்கும் ஒரே மீட்டர் என்றால், எந்தக் கட்டடம் எவ்வளவு தின்கிறது என்று எப்படித் தெரியும்? கட்டடத்துக்கு ஒரு துணை மீட்டர் வைத்து, மாதக் கணக்கைத் துறைவாரியாக ஒட்டினால் கேள்வி தானே எழும்.

உண்மையான தடை வேறு. விசிறி வாங்குபவர் ஒருவர், மின்கட்டணம் கட்டுபவர் இன்னொருவர். விலைப்புள்ளியில் குறைந்த தொகைக்கே ஆர்டர் போகிறது. பத்தாண்டு மின்கட்டணம் அந்தத் தாளில் வருவதே இல்லை. 2023 முதல் மேற்கூரை மின்விசிறிகளுக்கு மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியீடு கட்டாயம். அடுத்த விலைப்புள்ளி அழைப்பில் ‘5 நட்சத்திரம்’ என்று ஒரு வரி சேருங்கள்.