பேலியோ பத்தியமும் மீன் கூடையும்

சில வருஷங்களாக நம் நாட்டுப் படித்த கூட்டத்தாரிடையே 'பேலியோ' என்றொரு பத்தியம் பரவி வருகின்றது. அரிசி, கோதுமை, பருப்பு, சர்க்கரை கூடாதாம். மீன், மாமிசம், முட்டை, கொட்டை, காய்கறிகளையே உண்ண வேண்டுமாம். ஏனென்றால், பழைய கற்காலத்து மனிதன் அப்படித்தான் உண்டானாம்! 1975-இல் வால்டர் வோக்ட்லின் என்ற அமெரிக்க வைத்தியர் எழுதிய புத்தகத்தில் முளைத்து, 2002-இல் லோரன் கார்டெய்ன் எழுதிய புத்தகத்தால் பிரபலமான சங்கதி இது. இதை அனுசரிப்பவர்கள் காலிஃபிளவரைத் துருவி அதற்குச் 'சோறு' என்று பெயரிட்டு, அதுவரை தங்கள் அடுப்பு கண்டறியாத மடவை மீனையும் நண்டையும் குறிப்பைப் பார்த்துச் சமைத்துப் பழகுகின்றார்கள்.

புதுப் பண்டத்தைச் செய்து பார்ப்பதைக் குற்றமென்று சொல்ல நாம் வரவில்லை. பாட்டன் தொடாததைத் தொடாதே என்கின்ற நாட்டில், ஒருவன் துணிந்து வேறொன்றைச் சமைத்து ருசி பார்ப்பது நல்ல காரியமேயாகும். ஆனால் அந்தப் பண்டம் யாருக்குப் புதிது என்றுதான் கேட்கின்றோம்.

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் வழியில் திருப்பாலைவனம் இருக்கின்றது. அதற்கப்பால் ஏரிக்கரைக் குப்பங்களில் மடவையும் இறாலும் நண்டும் அன்றாட ஆகாரம். அங்கே இருளர் பெண்கள் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் மண்டியிட்டு, வெறுங்கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கின்றார்கள். அவர்கள் சட்டியில் கொதிக்கின்றபோது அதற்குப் பெயர் 'கவிச்சி'. உண்கின்றவர்களுக்குப் பெயர் 'கீழ் ஜாதி'. அதே இறால் அமெரிக்கப் பெயர் சூட்டிக்கொண்டு வந்தவுடன் 'ஆரோக்கியம்' ஆகிவிட்டதே, இது என்ன மாயம்? இறால் மாறிற்றா, அல்லது தின்கின்றவன் ஜாதி மாறிற்றா?

2014-ஆம் வருஷத்துச் சர்க்கார் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் சைவ உணவுக்காரர் நூற்றுக்கு 3 பேர் கூட இல்லை. அப்படியிருந்தும் 'சுத்த சைவம்' என்று பலகை தொங்குகின்றது. அப்படியானால் மற்ற 97 பேரும் அசுத்தமா? 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய ஒரு மூதாட்டியை நாற்றம் வீசுகின்றதென்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். ஊர் கொதித்தது, ஊழியர்களைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். தட்டில் மணக்கின்ற மீன் கூடையில் மட்டும் நாறுவானேன்?

நிற்க, 'முன்னோர் உண்டார்கள்' என்கின்ற வாதத்தைக் கவனிப்போம். இதே திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்குள்ள கருவிகள் சுமார் 15 லட்சம் வருஷத்துக்கு முந்தியவை என்று 2011-இல் வெளியான ஆராய்ச்சி கூறிற்று. கல் கிடைத்ததே ஒழிய, சமையல் குறிப்பு கிடைக்கவில்லை! இத்தாலி முதலிய இடங்களில் கிடைத்த சுமார் 30,000 வருஷத்து அரைகற்களில் மாவுத்துகள் ஒட்டியிருந்ததாக 2010-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டார்கள். மாவே தின்னாத கற்கால மனிதன் கற்பனைதான் என்பது இதனால் விளங்கவில்லையா? போதாக்குறைக்கு நம் ஊரில் வெண்ணெயும் பன்னீரும் சேர்த்து 'சைவ பேலியோ' வேறு! கற்கால மனிதன் எந்தப் பசுவைக் கட்டிக் கறந்தான்? 'மனு சொன்னான்' என்பதைத் தள்ளிவிட்டு, 'குகைவாசி உண்டான்' என்பதைத் தலையில் வைத்துக்கொள்வது, ஒரு புராணத்தைக் கொடுத்து மற்றொரு புராணம் வாங்குவதேயாகும்.

மாவும் சர்க்கரையும் குறைந்தால் பலருக்கு இரத்தச் சர்க்கரையும் எடையும் குறைவது உண்மைதான். அதற்குக் காரணம் சரீரத்தின் இயல்பு, பாட்டன் பெருமையல்ல. ஆகவே இரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, பலன் தந்தால் கொள்ளுங்கள், தராவிட்டால் தள்ளுங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் மாவை நிறுத்தினால், சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து ஆபத்து நேரும். தினம் நூறு பாதாம் தின்ன வசதியில்லாத ஏழைக்கு முட்டையும் நெத்திலியும் போதும்.

தோழர்களே! சட்டியில் என்ன ஏற்றுவதென்பதை அறிவும் அனுபவமும் பணப்பையும் தீர்மானிக்கட்டும். ஜாதிக்கும் பழமைக்கும் அங்கே வேலையில்லை. புதுக் குறிப்பு வேண்டுமென்றால் அமெரிக்கப் புத்தகத்தைப் புரட்டுமுன், ஏரிக்கரைப் பெண்களைப் போய்க் கேளுங்கள். கேட்டுத் தெரிந்து உண்டவர்கள், மறுநாள் பேருந்தில் அவர்கள் கூடையுடன் ஏறினால் மூக்கைப் பொத்தாமல் நகர்ந்து இடம் கொடுங்கள். அந்த யோக்கியதை வராத வரையில், எந்தப் பத்தியம் இருந்தும் பயனில்லை என்பதே நமது அபிப்பிராயம்.